இலங்கை மலையகத்தில் சுற்றுச்சூழலுக்காகப் போராடுகிறவர் பிரதேச சபை (உள்ளூராட்சி சபை) தேர்தலில் நிற்பதில் பயன் உண்டா?

பயன் உண்டு, தேர்தலில் நில்லுங்கள். கேள்வியைப் பார்த்தால், தோட்டத்தை ஒட்டிய ஏதோ ஒரு டவுனில் நாலு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு குப்பை, ஓடை, மரம் என்று அலைகிறவர் நீங்கள் என்று நினைக்கிறேன். 'அரசியலுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும்' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

2018 பெப்ரவரித் தேர்தலில் வட்டாரத்தில் வென்று, 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடியும்வரை உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன்பு ஊரில் என்னை எல்லோருக்கும் தெரிந்தது ஒரே விஷயத்துக்காக. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே உள்ள பள்ளத்தில்தான் டவுன் குப்பையைக் கொட்டுவார்கள். விடியுமுன் டிரக்டர் வரும். கோழிக்கடைக் கழிவு, பம்பர்ஸ், சோற்றுப் பார்சல் லஞ்ச் ஷீட் எல்லாம் அதற்குள். மழை பெய்தால் அந்தத் தண்ணீர்தான் பீலிக்கு வரும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் போத்தல் வாயில் சீலைத் துணியைக் கட்டிப் பிடிப்பார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று மருந்தெடுக்கப் போனால் 'கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்பார்கள். அத்தனை விறகுக்கு எங்கே போவது?

சபைக்குப் போனால், அது தோட்டக் காணி, துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) பேசு என்றார்கள். துரையிடம் போனால், குப்பை சபையுடையது என்றார். இந்த இழுபறிக்குச் சட்டமும் துணை நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க மறுத்து வந்தார்கள். ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வரலாம், ஒரு கான் (வடிகால்) வெட்டித்தர முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் வந்திராவிட்டால் நான் வென்றும் பயனில்லை.

பள்ளத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தச் சபையில் பிரேரணை கொண்டுவந்தபோது எங்கள் ஆட்களே எதிர்த்தார்கள். 'முதலில் வீடு, ரோடு. மரமெல்லாம் அப்புறம்' என்றார்கள். வீடு வேறு, மலை வேறா? பதுளை மாவட்டத்தில் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தை மறந்துவிட முடியுமா? 2005இலும் 2011இலும் ஆபத்து என்று அறிவித்த இடம் அது. ஆனாலும் மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மண் வந்து லயங்களை மூடியது. எழும்பிப் போக வேறு காணி இருந்தால்தானே போவார்கள்? எங்கள் பக்கத்தில் சூழல் பற்றிப் பேசினால் அது கடைசியில் காணியில்தான் வந்து நிற்கும்.

கடைக்காரர்கள் சண்டை பிடித்தார்கள், குப்பையைத் தரம் பிரித்துத் தரமாட்டோம் என்றார்கள். ஒருவழியாகத் தீர்மானம் நிறைவேறியது. பள்ளத்தில் கொட்டுவது நின்றது, உக்கும் குப்பைக்குத் தனி இடம் வந்தது. ஊற்றைச் சுற்றியுள்ள யூகலிப்டஸ் மரங்களை எடுத்துவிட்டு நாட்டு மரம் வைக்க மட்டும் தோட்ட நிர்வாகம் கடைசிவரை சம்மதிக்கவில்லை. 'காசு வாங்கிக்கொண்டு அடங்கிவிட்டான்' என்று கீழே எழுத வருகிறவர்கள் முதலில் அந்த நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடிதங்களைப் படிக்கட்டும். இதெல்லாம் சின்ன வெற்றி என்பவர்களுக்கும் ஒன்று: மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தை அத்தனை பேர் எதிர்த்தும் 2012இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் சென் கிளேயர் அருவிக்குப் பகலில் தண்ணீர் விடவேண்டும் என்ற நிபந்தனை அந்த எதிர்ப்பினால் கிடைத்தது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பிரதேச செயலகப் பிரிவை 1999இலேயே இருமொழிப் பிரிவாக (சிங்களம், தமிழ் இரண்டிலும் நிர்வாகம் நடக்கவேண்டிய பிரிவாக) வர்த்தமானியில் போட்டார்கள். ஆனால் மண்சரிவு அபாயம், உடனே வெளியேறுங்கள் என்ற கடிதம் எங்கள் லயத்துக்குச் சிங்களத்தில் மட்டும்தான் வந்தது. வாசித்துச் சொல்ல ஆள் தேடி ஒரு பாட்டி அடைமழையில் டவுனுக்கு நடந்துபோனார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

2025 மே தேர்தலில் தோற்றுவிட்டேன், இப்போது வெளியில் இருந்துதான் வேலை. நீங்கள் நிற்பதானால் கட்சி பெறும் வாக்குக்கேற்ப ஆசனம் தரும் விகிதாசாரப் பட்டியலில் பெயர் போடுகிறோம் என்றால் நம்பாதீர்கள், நேரடியாகப் போட்டியிட ஒரு வட்டாரத்தைக் கேளுங்கள். உங்கள் பகுதி எதுவென்று எழுதினால், எங்கள் குப்பைத் தீர்மானத்தின் நகலை அனுப்பிவைக்கிறேன். தமிழில் நானே எழுதியது.