டர்பன் – சென்னை: தூரம் 7,100 கி.மீ., பயணம் எத்தனை மணி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். வயதான அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். இணையத்தில் டர்பன் – சென்னை 8 மணி நேரம் என்று காட்டுகிறது. துபாய் வழி டிக்கெட்டில் இரவு 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் பிற்பகல் 2 மணிக்குச் சேரும் என்றிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். உங்கள் பயணம் 15 மணி 30 நிமிடம்.

அந்த 8 மணி வெறும் வகுத்தல் கணக்கு. டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 7,100 கி.மீ.; அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்துவிடுகிறார்கள். மடகாஸ்கரைத் தாண்டி, மாலத்தீவின் வடபகுதி வழியாகக் கேரளத்தில் நுழையும் அந்தக் கோட்டில் நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் ஏற, இறங்க, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக இன்னும் அரை மணி ஆகும்.

துபாய் வழியில் முதல் கட்டம் சுமார் 6,600 கி.மீ., அடுத்தது 2,900 கி.மீ. நேர்கோட்டைவிட 2,400 கி.மீ. சுற்று.

டிக்கெட்டில் அச்சாகும் மணியெல்லாம் அந்தந்த ஊர் மணி. துபாய் நமக்கு 2 மணி முன்னால், இந்தியா மூன்றரை மணி முன்னால். இரவு 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 19 மணி. மூன்றரையைக் கழித்தால் பதினைந்தரை. திரும்பும்போது கழிக்காமல் கூட்ட வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சென்னையிலிருந்து துபாய்க்குப் பெரும்பாலும் எதிர்க்காற்று என்பதால், போகும்போது 4 மணி எடுத்த தூரம் வரும்போது 20, 30 நிமிடம் கூடும்.

இடைநிறுத்தத்தை இரண்டு மணிக்குக் கீழே வைக்காதீர்கள். அம்மாவோடு போவதால் மூன்று மணி நல்லது. சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், கவுன்டரில் போய்க் கேட்டால் காத்திருக்க நேரும்.

ஜோஹன்னஸ்பர்க் வழி விலை குறைவாகத் தெரியலாம். உள்நாட்டு டிக்கெட் தனி, வெளிநாட்டு டிக்கெட் தனி என்று எடுத்தால் அங்கே பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைப் பிடிப்பது உங்கள் பொறுப்பு. குறைந்தது 4 மணி இடைவெளி விடுங்கள். மும்பை வழி என்றால் பொதுவாக அங்கேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடிக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்பேன்.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகத் திரும்புவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அங்கே 12 மணிக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

டொங்காட்காரர்களுக்கு விமான நிலையம் பக்கம். நீங்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்தைத் தாண்டி வடக்கே, விமான நிலையம் இருக்கும் லா மெர்சி வரை போக வேண்டும். மாலை நெரிசலில் ஒன்றரை மணி ஒதுக்குங்கள். 7 மணி விமானத்துக்கு 4 மணிக்குக் கவுன்டரில் நிற்க, 2.30-க்கே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.