போலீஸ்காரர் மனநல உதவி கேட்டால் வேலைக்கு ஆபத்தா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கணவர் காவல்துறையில் 9 வருடம். ஒரு விபத்து கேஸுக்குப் பிறகு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். கவுன்சிலிங் போகலாம் என்றால், "ரெக்கார்டில் ஏறிடும், துப்பாக்கியைப் பிடுங்கி மூலையில் உட்கார வெச்சிடுவாங்க" என்கிறார். அந்தப் பயம் நியாயமா?

பாதி நியாயம். நான் 28 வருடம் யூனிஃபார்ம் போட்டவன், ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் இதே பயம் எனக்கும் இருந்தது, அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஸ்டேஷனில் யாரும் பிரித்துச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. "இவர் டூட்டிக்குத் தகுதியா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று துறையே அனுப்புகிற பரிசோதனை வேறு, அவராகப் போய் எடுத்துக்கொள்கிற சிகிச்சை வேறு. முதலாவதில் டாக்டர் பதில் சொல்வது துறைக்கு, அறிக்கை மேலே போகும். இரண்டாவதில் உங்கள் கணவர்தான் நோயாளி. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. யாராவது ஒருத்தர் முதலாவதில் மாட்டியிருப்பார், அந்தக் கதையைக் கேட்டு மற்ற எல்லோரும் இரண்டாவதற்கும் பயப்படுவார்கள். எனவே முதல் நாளே டாக்டரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: நான் சொல்வதை யார் யார் படிப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் துறைக்குச் சம்பந்தமில்லாத வேறு டாக்டரைப் பாருங்கள்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். விபத்தில் இறந்த ஒரு குழந்தை. பிரேத விசாரணை அறிக்கையில் உடம்பில் இருந்ததை எல்லாம் வரிசையாக எழுத வேண்டும். "வலது காலில் சிவப்புச் செருப்பு, இடது காலில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன், ஒன்றுமே தோன்றவில்லை. நாலு மாதம் கழித்து என் மகளுக்குச் செருப்பு மாட்டிவிடும்போது கை அப்படியே நின்றுவிட்டது. அவள் "அப்பா, இந்தக் கால்" என்று இடது காலை நீட்டிக்கொண்டே இருக்கிறாள்.

அந்த விபத்துக்கு மறுநாளே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார்கள். 1980களில் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் உருவாக்கிப் பரவிய பாணி அது, எண்ணம் நல்லதுதான். ஆனால் பாதிக்கப்பட்டவரை இப்படி ஒரே தடவை உட்கார வைத்துப் பேச வைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதாகச் சான்று இல்லை, கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று 2002-ல், பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாக அலசிப் பார்க்கும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. ஆகவே சகோதரி, நீங்களும் "என்னதான் நடந்தது, சொல்லுங்க" என்று துருவ வேண்டாம். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, போதும்.

முதல் சில வாரம் இப்படி இருப்பது சகஜம், பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம், உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. இதற்கென்றே சிகிச்சை முறைகள் இருக்கின்றன: அந்தச் சம்பவத்தை மையமாக வைத்து, அதைப் பற்றிய எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். உலக சுகாதார நிறுவனமே 2013-ல் இரண்டையும் பரிந்துரைத்தது. சும்மா ஆறுதல் பேச்சு இல்லை.

அப்புறம் தூக்கம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்குத் தடுமாறும் என்று 1997-லேயே ஆய்வு வந்தாயிற்று. குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்க 17 மணி நேரம் தூங்காத ஆளை ரோட்டில் நிறுத்துகிறோம், சிரிப்பதா அழுவதா! எங்களுக்கு மன அழுத்த மேலாண்மை வகுப்பு நடத்தினார்கள், வார ஓய்வு நாளில். ஷிப்டைச் சரி செய்யாமல் வகுப்பு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எனக்கு உண்மையில் உதவியது ஒரு சீனியர் ஏட்டு. ஜீப்பில் போகும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "எனக்கு ஒரு பச்சைப் பை, பத்து வருஷம் ஆச்சு, இன்னும் போகல" என்றார். அவ்வளவுதான், மேலே பேசவில்லை. ஆனால் எனக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படி நம்பகமான ஒருவர் உங்கள் கணவருக்கு இருந்தால் அவரிடம் சொல்லிவையுங்கள்.

ஒன்றில் மட்டும் தயங்காதீர்கள். "இருந்து என்ன ஆகப் போகுது" என்கிற மாதிரி பேசினால், சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, ஆயுதக் கிடங்குக்குப் போகட்டும். அதைத் தண்டனையாக நினைக்காமல், கை உடைந்தவனை ஓட்ட வேண்டாம் என்பது மாதிரி நினைக்கச் சொல்லுங்கள்.

அந்த நாட்களில் டூட்டி முடிந்து வந்தால் வாசலில் காரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு நாள் வந்து கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.