முதியோர் இல்லத்துப் பெரியவர்களைப் பேசவைக்க, சிறுவயதில் சேர்த்த பொருட்கள் உதவுமா?

நிச்சயம் உதவும். மறதி நோயில் அண்மை நினைவுகள்தான் பெரும்பாலும் முதலில் மங்கும். பள்ளிப் பருவத்து நினைவுகள் பல காலம் தங்கும். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-லேயே, முதுமையில் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது என்று எழுதினார்.

நம் ஊரில் தேடி அலைய வேண்டாம். தீப்பெட்டிப் படம், தபால்தலை, சினிமா பிலிம் துண்டு, சோடா மூடி, புளியங்கொட்டை போதும். என் தேர்வு ஓட்டைக் காலணா, அதாவது நடுவில் ஓட்டை உள்ள பழைய கால் அணாக் காசு. 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அந்தக் கணக்கு எண்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவர் சொல்லித்தர, நாம் கற்றுக்கொள்கிறோம். நாள் முழுக்க மற்றவர் கையை எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் கையில் கொடுங்கள். “ஞாபகம் இருக்கா தாத்தா?” என்று கேட்காதீர்கள், அது பரீட்சை வைப்பதாகிவிடும். “இதை வெச்சு எப்படி விளையாடுவீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆண்டு தப்பினாலும் திருத்த வேண்டாம். எல்லோருக்கும் சேகரிக்க வாய்த்திருக்காது. அந்த வயதில் வேலைக்குப் போனவர்களும் உண்டு. முகம் வாடினால் பேச்சை மாற்றுங்கள்.

குன்றிமணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதன் பருப்பு கொடிய நஞ்சு. எதையும் வாயில் போடும் நிலையில் இருப்பவரிடம் கோலிக்குண்டும் வேண்டாம்.