காற்றாலை இறக்கை இவ்வளவு மெதுவாகச் சுற்றியும் மின்சாரம் எப்படி வருகிறது?

முப்பந்தல் பக்கம் பேருந்தில் போகும்போது பார்த்தால் சோம்பலாகச் சுற்றுவது போலத்தான் தெரியும். நிமிடத்துக்கு 15 சுற்று என்றே வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் நீள இறக்கையின் நுனி அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது!

உள்ளே கியர்பாக்ஸ் அந்தச் சுழற்சியை 1500 சுற்று அளவுக்கு ஏற்றிவிடும் (கியர்பாக்ஸே இல்லாத வகையும் உண்டு). ஜெனரேட்டரில் காந்தப்புலம் சுழல, செப்புச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. பெரும்பாலும் 690 வோல்ட். டிரான்ஸ்பார்மர் அதை 33,000 வோல்ட்டாக்கித் துணைமின் நிலையத்துக்கு அனுப்பும்.

காற்று கூடினாலும் குறைந்தாலும் கம்பியில் போகும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸாகவே, அதாவது விநாடிக்கு 50 அலைவுகளாகவே, இருக்க வேண்டும். இன்றைய காற்றாலைகளில் அதை மின்னணு கன்வெர்ட்டர் பார்த்துக்கொள்கிறது.

அப்புறம், புயல் அடித்தால் கொண்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். காற்று விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலானவை இறக்கையைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும்.