ஓட்டு மெஷின் சர்டிஃபிகேட்டை நம்பலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓட்டு மெஷினுக்கு சர்டிஃபிகேட் இருக்கு, அதனால நம்பலாம்னு சொல்றாங்க சார். அதை யார் குடுக்கறாங்க, எதை வெச்சு குடுக்கறாங்க? அது இருந்தா போதுமா?

பதில்: போதாதுங்க. அந்த சர்டிஃபிகேட் மெஷினுக்குன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, உண்மையில அது ஒரு குறிப்பிட்ட மாடலும் அதுல ஓடற ஒரு குறிப்பிட்ட சாஃப்ட்வேர் வெர்ஷனும் சேர்ந்ததுக்குத்தான், நாளைக்கே கம்பெனி ஒரு சின்ன அப்டேட் போட்டாக்கூட மறுபடி கொண்டு வந்து காட்டணும்.

அமெரிக்காவையே எடுத்துக்கோங்க. 2000 ஜனாதிபதி தேர்தல்ல ஃப்ளோரிடா மாநிலத்துல அட்டையில துளை போட்டு ஓட்டுப் போட்டாங்க, பாதி பிஞ்சு தொங்கற துண்டை ஓட்டா எடுக்கறதா வேண்டாமான்னு கோர்ட் வரைக்கும் போச்சு, கடைசியில அறிவிச்ச வித்தியாசம் வெறும் 537 ஓட்டு. அதுக்கப்புறம் 2002ல சட்டம் போட்டு ஒரு தேர்தல் உதவி ஆணையம் அமைச்சாங்க. ஸ்டாண்டர்ட் வகுக்கறது, டெஸ்ட் லேபுக்கு அங்கீகாரம் தர்றது, லேப் ரிப்போர்ட் பார்த்து சர்டிஃபிகேட் தர்றது எல்லாம் அவங்க வேலை. ஆனா அந்த ஸ்டாண்டர்டை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, அது ஒவ்வொரு மாநிலத்தோட இஷ்டம். லேபுக்கு டெஸ்ட் பண்ற காசைக் கட்டறதும் மெஷின் செய்யற கம்பெனியேதான், இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துது, அந்தப் பணம் ஆணையம் வழியா போகணும்.

2021ல வந்த புது ஸ்டாண்டர்ட்ல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சாஃப்ட்வேர்ல தப்பு வந்தாலும் சரி, யாராவது உள்ள புகுந்து மாத்தினாலும் சரி, யாருக்கும் தெரியாம ரிசல்ட் மாறிடக் கூடாது. அப்படின்னா நடைமுறையில பேப்பர் வேணும், ஓட்டுப் போட்டவங்க கண்ணால பார்த்த பேப்பர். ஜெர்மனி அரசியல் சாசன கோர்ட் 2009லயே இதை வேற மாதிரி சொல்லிடுச்சு, டெக்னிக்கல் அறிவு இல்லாத சாதாரண ஆளும் எண்ணிக்கையை சரிபார்க்க முடியணும்னு, அதோட அங்க அந்த மெஷின்கள் நின்னு போச்சு.

கோட்டை விடறது பெரும்பாலும் லேபுக்கு வெளியதான். மெஷின் எந்த ரூம்ல இருந்துச்சு, சாவி யார்கிட்ட, சீல் நம்பர் எழுதின ரெஜிஸ்டரும் சீலும் ஒத்துப் போகுதா, ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள் ஓட்டுகளைப் போட்டு எல்லா கட்சி ஆளுங்க முன்னாடியும் ஓட்டிப் பார்த்தாங்களா, உள்ள இருக்கற சாஃப்ட்வேர் சர்டிஃபிகேட் வாங்கின அதே வெர்ஷன்தானான்னு ஒப்பிட்டாங்களா, இதுல ஒண்ணு விட்டாலும் அந்த சர்டிஃபிகேட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

கேள்வி: அப்போ பேப்பர் எல்லாத்தையும் கையால எண்ணணுமா?

பதில்: எல்லா தடவையும் வேண்டாம். 2017ல அமெரிக்காவோட கொலராடோ மாநிலம் முழுக்க செஞ்ச மாதிரி குலுக்கல் முறையில சில ஓட்டுச்சீட்டை எடுத்து மெஷின் கணக்கோட ஒத்துப் பார்க்கலாம், வெற்றி வித்தியாசம் பெருசா இருந்தா கொஞ்சம் சீட்டே போதும், குறைஞ்சா நிறைய எடுக்கணும், அப்பவும் சந்தேகம் தீரலைன்னா முழுசா எண்ணித்தான் ஆகணும். இதை ரிசல்ட் சட்டப்படி உறுதியாகறதுக்கு முன்னாடியே முடிக்கணும்னு விதியில எழுதி வெக்கணும்.