துத்தநாகத் தகட்டின் மேல் காப்புப் பூச்சு பூசினால் பேட்டரியின் ஆயுள் உண்மையிலேயே கூடுமா?

மறுபடியும் சார்ஜ் செய்யக்கூடிய துத்தநாக பேட்டரியில், தகட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருந்தால் ஆயுள் பல மடங்கு கூடும் என்கிறார்களே, அது உண்மையா, உண்மையானால் ஏன் கடைக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயுள் கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்தனை மடங்கு என்பதை, அதை எப்படி அளந்தார்கள் என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

தீப்பிடிக்காத, நீராலான மின்பகுளியில், அதாவது அயனிகளைச் சுமக்கும் கரைசலில், இயங்குவதுதான் துத்தநாகத்தின் பெருமை. அதன் தொல்லையும் அந்த நீரிலிருந்தே வருகிறது. துத்தநாக சல்பேட் கரைசலில் தகடு சும்மா கிடக்கும்போதே மெல்ல அரிபட்டு ஹைட்ரஜனை வெளியிடுகிறது. அதனால் அவ்விடத்தில் காரத்தன்மை கூடி, மின்சாரம் கடத்தாத வெண்ணிறச் செதில்கள் படிகின்றன. சார்ஜ் ஏற்றும்போது திரும்பிவரும் துத்தநாகமோ சமமாகப் பரவாமல், ஏற்கெனவே மேடாக இருக்கும் இடத்திலேயே மேலும் மேலும் படிந்து, டென்ட்ரைட் எனப்படும் ஊசிகளாக வளர்கிறது. ஆய்வகத்தில் இப்படிச் செத்துப்போன நாணய வடிவ செல்லைப் பிரித்தால், இரண்டு மின்வாய்களுக்கும் இடையே வைத்த கண்ணாடி இழைத் தாள் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரும்; இடுக்கியால் உரித்தால், இழைகளுக்குள் சாம்பல் நிறத் துத்தநாகம் பாசிபோல் புகுந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

பூச்சு செய்ய வேண்டிய வேலை நீரைத் தள்ளி நிறுத்தி, துத்தநாக அயனிகளை மட்டும் தகடு முழுவதும் பரவலாக இறங்கவிடுவது. நுண்துளைகள் கொண்ட கால்சியம் கார்பனேட், டைட்டானியம் டை ஆக்சைடு, பாலிஅமைடு எனப் பலவற்றை முயன்றிருக்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஒழுங்கான நுண்வழிகள் கொண்ட கரிமப் பாலிமர் படலத்தை உருவாக்கியுள்ளனர். பூச்சு அயனியைக் கடத்த வேண்டும், எலெக்ட்ரானைக் கடத்தக் கூடாது. கடத்தினால் துத்தநாகம் பூச்சுக்கு அடியில் படியாமல் அதன் மேலேயே படிந்துவிடக்கூடும். தடித்தால் மின்தடை ஏறும். மெலிந்து ஓரிடத்தில் விரிசல் விட்டாலோ, மின்னோட்டமெல்லாம் அந்த விரிசலில் குவிந்து, பூச்சில்லாத தகட்டைவிட மோசமாக ஊசி வளரலாம்.

துத்தநாகத்தை அரிப்பிலிருந்து காக்கும் எண்ணமும் புதிதல்ல. அல்கலைன் செல்களில் ஹைட்ரஜனை அடக்க ஒரு காலத்தில் துத்தநாகத் தூளோடு பாதரசம் கலந்தார்கள். 1990களில் அது விலக்கப்பட்ட பிறகு இந்தியம், பிஸ்மத் போன்றவை அவ்வேலையைச் செய்கின்றன.

இப்போது அளவீட்டுக்கு வருவோம், ஏனெனில் மயக்கம் பெரும்பாலும் இங்குதான். துத்தநாகத்தின் கோட்பாட்டுக் கொள்ளளவு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5,855 மில்லி ஆம்பியர்-மணி; அப்படியானால் 100 மைக்ரான் தடிமனுள்ள தகட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 58 மில்லி ஆம்பியர்-மணி இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாகக் காணப்படும் சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் (ஒருமுறை சார்ஜ் இறக்கி ஏற்றுவதில்) சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே எடுத்துத் திரும்ப வைக்கிறார்கள், அதாவது தகட்டில் இரண்டு விழுக்காடுகூட அசைவதில்லை. அரிபட்டு வீணாவதை மிச்சமுள்ள துத்தநாகம் ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால், ஆயிரம் மணி நேரம் ஓடியது என்ற செய்தியில் பூச்சின் பங்கு எவ்வளவு, தகட்டுத் தடிமனின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. கூடுதல் துத்தநாகம் இல்லாத செல்லில், சுற்றுக்கு 99 விழுக்காடு மட்டும் திரும்பக் கிடைத்தால், நூறு சுற்றுகளில் மிஞ்சுவது 37 விழுக்காடுதான், 99.9 என்றால் 90 மிஞ்சும்.

கடைக்கு வராததற்கு இன்னொரு காரணம், இத்தகைய பேட்டரிகள் பலவற்றில் துத்தநாகத்துக்கு எதிரே மற்ற மின்வாயாக உள்ள மாங்கனீசு டை ஆக்சைடும் மெல்லக் கரைந்து சக்தி இழப்பது; துத்தநாகத் தகட்டின் மேல் என்ன பூசினாலும் அதைத் தடுக்க இயலாது. நாணய அளவுத் தகட்டில் கையால் பூசியதை, மீட்டர் கணக்கில் ஓடும் சுருளில் ஊசித்துளைகூட விழாமல், மலிவாகப் பூசும் வேலையும் மீதமிருக்கிறது.