தேநீரை எப்போது ஊற்றுவது

அன்புள்ள ஐயா,

மிசிசாகாவில் எங்கள் சபை, புதிதாகக் குடியேறியவர்களுக்காகச் செவ்வாய் மாலைகளில் இலவச ஆங்கில வகுப்பு ஒன்றை நடத்துகிறது. இரண்டு ஆண்டுகளாக அதில் படிப்பித்து வருகிறேன். சிரியா, எரித்திரியா, உக்ரைன் நாட்டவர்களோடு சில தமிழ் முதியவர்களும் வருகிறார்கள். வகுப்பின் கடைசி இருபது நிமிடங்கள் யோவான் சுவிசேஷம் வாசிப்போம், அதன்பின் தேநீர். அண்மைக்காலமாக வாசிப்புத் தொடங்கும்போதே பலர், பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், பேருந்து போய்விடும் என்று எழுந்துவிடுகிறார்கள். ஒருவர்கூட ஞாயிறு ஆராதனைக்கு வந்ததில்லை. இந்த ஊழியத்தின் கனி எங்கே என்று மூப்பர்கள் கேட்கிறார்கள். வாசிப்பை வகுப்பின் நடுவில் வைத்துவிட்டால் என்ன? நல்ல இலக்கண நூல் ஒன்றைப் பரிந்துரைப்பீர்களா? முதியவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாமா?

ஜே.

அன்புள்ள ஜே.,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால் என் கண் போய் நின்றது 'அதன்பின் தேநீர்' என்ற இரண்டு சொற்களில்தான்.

1988 மாசி மாதத்தில், அகதிக் கோரிக்கை முடிவாகாத நிலையில், ஸ்கார்பரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறைக்கு ஆங்கிலம் படிக்கப் போனேன். புதிதாகக் குடியேறியவர்களுக்குக் கனடிய மத்திய அரசு நடத்தும் லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்புகள் 1992இல்தான் தொடங்கின. இன்றைக்கும் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு அவற்றில் இடமில்லை என்பதால், உங்களுடையதைப் போன்ற வகுப்புகளின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்களுக்குப் படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஒரு அம்மையார். மேசையில் கம்பி அறுத்த இரண்டு பழைய தொலைபேசிகளை வைத்திருப்பார். ஒன்றை எங்களிடம் தந்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வீட்டுக்காரராகவும் வைத்தியசாலைப் பணியாளராகவும் தொழிற்சாலை மேலாளராகவும் மாறி மாறிப் பேசுவார். முகத்தையும் கையையும் பார்த்துப் பாதி ஆங்கிலத்தை ஊகித்துவிடுகிறவன், தொலைபேசி மணி அடித்தால் நடுங்கிப் போகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த இலக்கண நூலிலும் அது இல்லை. ஆகவே நூல் பற்றிய உங்கள் கேள்வியை இத்துடன் விட்டுவிடுகிறேன். கையில் கிடைப்பதை வாங்குங்கள்.

அந்த அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஏழு மணிக்கு வகுப்பு, எட்டு மணிக்கு எல்லோருக்கும் தேநீர், எட்டரைக்கு அடுத்த அறையில் வேத வாசிப்பு, விரும்புகிறவர்கள் வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. தேநீர் முதலில், வாசிப்பு பிறகு என்ற அந்த வரிசையைத் தயவுசெய்து கவனியுங்கள். தேநீரைக் குடித்து, பிஸ்கட்டைத் தின்று, கோட்டை மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே போகிறவனுக்கு அங்கே எந்த வெட்கமும் இருக்கவில்லை. உங்கள் வகுப்பிலோ, போக நினைக்கிறவர் தேநீரையும் இழந்து ஒரு பொய்யையும் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்பது பொய்யாக இருக்கலாம். அந்தப் பொய்யை அவர்கள் வாயில் வைத்தது யார், ஜே.? இலவசமாகப் பெறுகிறவர்களுக்கு 'வேண்டாம்' என்ற சொல் எந்த மொழியிலும் எளிதில் வராது. ஆங்கிலத்தில் அதை மரியாதையாகச் சொல்லப் பழக்குவதுதான் நீங்கள் நடத்தியிருக்க வேண்டிய முதல் பாடம். அதை விட்டுவிட்டு, அவர்கள் எழுந்து போக முடியாதபடி வாசிப்பை நடுவில் செருகலாம் என்கிறீர்கள். கதவைப் பூட்டிவிட்டுப் பிரசங்கம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நீங்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

சைவனான நானும் பல இரவுகள் அந்த அடுத்த அறைக்குப் போனேன். முதற்காரணம், என் வாடகை அறையைவிட அது சூடாக இருந்தது. வேதத்தைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்ததால், 'இதோ பாருங்கள்' என்பதற்கு இன்று யாரும் பேச்சில் சொல்லாத 'பிஹோல்ட்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு, மறுநாள் தொழிற்சாலையில், 'பிஹோல்ட், பெட்டி உடைந்துவிட்டது' என்று மேலாளரிடம் அறிவித்தேன். ஒரு மாதம் அங்கே என் பெயரே 'பிஹோல்ட்' ஆகியிருந்தது. நீங்கள் எளிய மொழிபெயர்ப்பையே பயன்படுத்துவீர்கள் என்று நம்புகிறேன்.

மூப்பர்கள் கனியைக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். அது புதிய கேள்வி அன்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கி, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் வானியலும் படிப்பித்தார்கள். பிள்ளைகள் வேதத்துக்காக வரவில்லை, ஆங்கிலத்துக்காகவும் அரச உத்தியோகத்துக்காகவும் வருகிறார்கள் என்ற மனக்குறை பொஸ்டனில் இருந்த தலைமையகத்துக்கு வளர்ந்துகொண்டே போனது. 1855இல் அங்கிருந்து தலைமையகச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார், கிறிஸ்தவராக வளர்ந்தவர் சைவத்துக்குத் திரும்பினார், 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பொஸ்டன் கணக்கேட்டில் அவர் நட்டம். கலித்தொகையை அச்சில் வாசிக்கிற ஒவ்வொரு தமிழனும் அந்த நட்டத்தில் பங்கு பெற்றவன். உங்கள் மூப்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஏற்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

அதே மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழைக் கற்று, மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். நீங்கள் இரண்டு ஆண்டுகளாக எரித்திரியர்களோடு இருக்கிறீர்களே, அவர்களுடைய திக்ரிஞ்ஞா மொழியில் ஒன்று முதல் பத்துவரை எண்ணத் தெரியுமா? எங்கள் அம்மையார் வாரம் ஒரு தமிழ்ச் சொல் கேட்பார். பள்ளிக்கூடம் அவர் வாயில் பல்லிக்கூடமாகவே வந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் தலையைக் குனிந்து, கொப்பியில் எழுதி, மறுபடியும் பல்லிக்கூடம் என்பார். அதன்பிறகு எங்கள் ஆங்கிலத்தைப் பற்றிய கூச்சம் எங்களுக்கு வெகுவாகக் குறைந்துபோயிற்று.

முதியவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டாம். தமிழர்கள் மட்டும் ஓர் அறையில் கூடினால் ஆங்கிலம் தவிர மற்றதெல்லாம் பேசுவார்கள். அந்தச் சிரியப் பெண்களின் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய தொலைபேசிகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம். கதவில் ஒட்டும் தாளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், தேநீரை வாசிப்புக்கு முன்னால் ஊற்றுங்கள்.